ஒத்தடம்

என்னிடம் அப்போது ஏழு ரேசர் செட்டுகள் இருந்தன. மூன்று பிரஷ்கள், நாலைந்து நாட்டு சோப்புகள், ஒரு படிகாரக் கல். இத்தனையும் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முதன்முதலாகச் சவரம் செய்த அன்று அவர் கன்னத்தை மூன்று இடத்தில் வெட்டிவிட்டேன்.

2022 நவம்பர். அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் இருந்தவரை தாடியைப் பற்றி யாருக்கும் யோசனை இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான், தலையணையில் சாய்ந்திருந்த அந்த வெள்ளைத் தாடிக்காரர் யாரோ ஒரு ஆள் மாதிரி தெரிந்தார். கஞ்சி தாடியில் ஒட்டிக் காய்ந்தது. வலதுபக்க வாயோரம் எச்சில் வழிந்து வழிந்து தோல் சிவந்துபோயிருந்தது. பிசியோதெரபி செய்ய வருகிற பையன்தான் சொன்னான், "தாடிய எடுத்துடுங்க சார், இல்லன்னா புண்ணாயிடும்" என்று.

இதற்கு ஆள் தேடுவானேன்? நான்தான் இருக்கிறேனே. பெங்களூரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்த ரேசர்களில் இருப்பதிலேயே சாதுவானதை எடுத்தேன். புது பிளேடு. சோப்பை நுரைக்க நுரைக்க அடித்துப் பூசினேன். முதல் இழுப்பிலேயே பிளேடு தடுக்கியது. இழுப்பு விழுந்த இடத்தில் கன்னம் கூடவே வந்தது. வலதுபக்கம் தசை தளர்ந்து துணி மாதிரி தொங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தேனே தவிர, அதன்மேல் ஒரு பிளேடு எப்படி ஓடும் என்று யோசித்திருக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. கடுகளவு வெட்டு. இருபது நிமிஷம் கசிந்தது. அம்மா மஞ்சள்தூள் டப்பாவோடு ஓடிவந்தாள்.

"ஏல" என்றார் அப்பா.

அது திட்டா, வலியா, கேள்வியா, தெரியாது. பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். மூளையின் இடதுபக்கம் அடிவாங்கினால் உடம்பின் வலதுபக்கமும் பேச்சும் சேர்ந்து போவது சகஜம் என்றும், சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும் என்றும் டாக்டர் விளக்கினார். அது பெரும்பாலும் அவர்கள் வாழ்நாளெல்லாம் அதிகம் சொன்ன சொல்லாக இருக்குமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பசிக்கும் ஏல என்பார். அம்மாவைப் பார்த்தும் ஏல. டாக்டரைப் பார்த்தும் ஏல.

*

என் ரேசர் பைத்தியம் 2020 ஊரடங்கில் ஆரம்பித்தது. எல்லாரும் மாவு பிசைந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது நான் சவரம் கற்றுக்கொண்டேன். அதுவரை கார்ட்ரிட்ஜ் ரேசரும் டப்பா நுரையுமாக இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடுகிறவன். பழைய மாதிரி இரட்டை விளிம்பு பிளேடுக்கு மாறியதும், சவரம் என்பதே அரை மணி நேர வேலை ஆகிவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வெந்நீர்த் துண்டு. ஒரு டர்க்கி டவலை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முகத்தில் சுற்றிக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே விட்டுவிட்டு மூன்று நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். வேலை மெயில், செத்தவர்கள் எண்ணிக்கை, எதுவும் அந்தத் துண்டுக்குள் வராது.

அப்போது இதைப் பற்றி நிறையப் படித்தேன். தாடி மயிர் கெராட்டின் என்கிற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது கம்பி மாதிரி இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டால் உப்பி மெதுவாகிவிடும், வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் முகத்தைச் சும்மா நனைத்தால் போதாது, இரண்டு மூன்று நிமிஷமாவது ஊற வேண்டும். சூடு அதைக் கொஞ்சம் விரைவாக்கும், மயிரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். ரோமக்கால்கள் திறக்கும், பச்சைத்தண்ணீர் பட்டால் மூடும் என்பதெல்லாம் சும்மா கதை. கதவு மாதிரி திறந்து மூட அங்கே தசை கிடையாது. துண்டு செய்வது ஒன்றே ஒன்றுதான். தண்ணீரை ஓடிவிடாமல் முகத்தோடு பிடித்துவைக்கிறது.

அதே 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிளேடின் எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மெத்தென்றது. இருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதுதான் கேள்வி. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே வைத்து முடியை வெட்டிப் பார்த்தபோது, விளிம்பு தேய்வதற்கு முன்னால் அதிலிருந்து பொடிப்பொடியாகச் சில்லு பெயர்வது தெரிந்தது. முடி வளைந்து ஒரு கோணத்தில் வந்து முட்டும்போது, எஃகில் எங்கே சீரில்லாத இடம் இருக்கிறதோ அங்கே பெயர்கிறது. மெத்தென்ற ஒன்று கடினமான ஒன்றைக் காயப்படுத்தும் விதம் அது. இதை நண்பர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இவ்வளவும் தெரிந்த நான், அப்பாவுக்குத் துண்டு வைக்கவில்லை. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அது சொகுசு, எனக்காக நான் செய்துகொள்வது என்று என் மனதில் இருந்திருக்கிறது. நோயாளிக்குச் செய்வது வேலை. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

*

ஊரில் நாலு கடையில் கேட்டேன். "வீட்டுக்கெல்லாம் வர ஆள் இல்ல ப்ரோ" என்றார்கள். ஒரு டிரிம்மர் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அந்த உறுமலுக்கு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது தடவை இடது கையால் தட்டியே விட்டார்.

அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை வச்சிருக்கானே, அவன்ட்ட கேட்டுப் பாரேன். அவன்தாம்ல உங்கப்பா மூஞ்சி தெரிஞ்சவன்."

அவன் என்று அம்மா சொன்னவருக்கு அறுபத்திரண்டு வயது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அவர் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வருவார். முன்வாசல் வழியாக இல்லை, தொழுவத்துப் பக்கமாக. அப்பா வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு உட்காருவார். அவர் தகரப்பெட்டியைத் திறந்து, தோல் வாரில் கத்தியைச் சட்சட்டென்று தீட்டுவார். பச்சைத்தண்ணீர்தான். எங்கள் சொம்பிலிருந்து அவருடைய கிண்ணத்துக்கு எட்ட இருந்து ஊற்றுவார்கள். முடிந்ததும் அப்பா எதையும் தொடாமல் நேராகக் கிணற்றடிக்குப் போவார். கட்டியிருந்த வேட்டியை நனைத்துப் போட்டுவிட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். அதுவரை நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால் "தள்ளிப் போல" என்று விரட்டுவார். காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நெல் அளப்பார்கள். அதற்கு அவர் எங்கள் தெருவில் எல்லா முகத்தையும் மழிக்க வேண்டும், துஷ்டி வீட்டுக்கும் வந்து நிற்க வேண்டும்.

அவரை எல்லாரும் ஏல என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒரு தடவை, "ஏல, எனக்கும் மீசை வரைஞ்சு விடு" என்று நான் சொன்னதற்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு எப்படி இருந்தது என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.

1996இல் அவர் சார்ஜாவுக்கு வேலைக்குப் போனார். அப்பா டோபாஸ் பிளேடு வாங்கித் தானே சவரம் செய்யப் பழகினார். ஜில்லெட் கம்பெனி அமெரிக்காவில் இந்த வகை ரேசரை விற்க ஆரம்பித்த 1903இல் விற்றது மொத்தம் 51 செட்டுகள், 168 பிளேடுகள். பிறகு முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கெல்லாம் கொடுத்து, தன் முகத்தைத் தானே மழிக்கிற பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே உண்டாக்கினார்கள். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர, ஒருவர் விமானம் ஏறிப் போக வேண்டியிருந்தது.

2004இல் அவர் திரும்பிவந்து கடை போட்டார். அப்பா பழைய ஞாபகத்தில் ஒரு பையனை அனுப்பினார். அவன் திரும்பிவந்து, "கடைக்கு வரச் சொன்னாரு" என்றான். அன்றைக்கு அப்பா கத்திய கத்து தெருவுக்கே கேட்டது. பதினெட்டு வருஷம் அப்பா அந்தக் கடை இருக்கும் பக்கமே நடக்கவில்லை. பஸ் ஏறவே மார்க்கெட் நிறுத்தத்துக்குப் போவார்.

*

நான் போனபோது கடையில் கூட்டமில்லை. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். யார் மகன் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோல் தலையசைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு வர மாட்டேன் தம்பி" என்றார். கோபமில்லை. கடை நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.

"எவ்வளவு வேணும்னாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"காசுக்கு இல்ல. வீட்டுக்குப் போயிச் செய்யதில்லன்னு ஒரு வைராக்கியம். யாரு வீட்டுக்கும்தான். ஒரு வீட்டுக்குப் போனா நாளைக்கு இன்னொரு வீட்ல ஆளனுப்புவாவ. என் பையன் எம்.எஸ்ஸி. படிச்சிருக்கான். அப்பன் பெட்டியத் தூக்கிட்டுத் தொழுவம் வழியாப் போறத அவன் பாக்கக் கூடாது."

நான் எழுந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று அவர் கேட்டால் பட்டியல் நீளம். அவர்தான், "இருங்க" என்றார். "நீங்களும் சின்ன வயசுல ஏலன்னுதான் கூப்பிடுவீய. இப்ப அண்ணாச்சிங்கீய. உக்காருங்க. உங்களுக்கே சொல்லித்தாரேன்."

அப்படித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்பு மேடையில் ஒரு இட்லிக் கொப்பரை. மூடியைத் திறந்தார், ஆவி. உள்ளே தட்டில் சுருட்டி அடுக்கிய துண்டுகள். சார்ஜாவில் இவர் வேலை பார்த்த கடையில் கூட இருந்த துருக்கிக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டது. அங்கே துண்டு அவிக்கத் தனிப் பெட்டி இருக்குமாம். இங்கே கொப்பரை. ஆரம்பத்தில் ஊரில் கேலி செய்திருக்கிறார்கள். "ஆம்பளைக்கு என்னவே ஒத்தடம்?"

"ஒத்தடம்தான் தம்பி. துருக்கிக்காரன் சொல்லித்தந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இது எங்காத்தா செஞ்சது. அவ மருத்துவச்சி. இந்த ஊர்ல பாதிப் பேரு அவ கையில பொறந்தவன்தான். பிள்ளை பெத்தவளுக்கு இடுப்புக்கு, பிள்ளைக்கு வயித்துக்கு, ஒத்தடம் குடுத்தே கை காய்ச்சுப்போச்சு. அப்ப மட்டும் அவள உள்ளறை வரைக்கும் விடுவாவ. பிள்ளை வெளிய வந்ததும் அவளும் வெளிய."

ஒற்றி எடுப்பதால் ஒற்றடம், ஒத்தடம். அழுத்துவது இல்லை, தேய்ப்பது இல்லை. அந்தச் சொல்லிலேயே கை எப்படி இருக்க வேண்டும் என்பது இருக்கிறது. மூன்று வருஷமாக 'ஹாட் டவல்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு என் வீட்டிலேயே ஒரு பெயர் இருந்திருக்கிறது.

துண்டை எடுத்து உதறினார். இரண்டு தடவை காற்றில் விசிறினார். பிறகு தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு என் முகத்தில் போட்டார்.

"புறங்கையில வச்சுப் பாத்தாப் போதாதா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டேன்.

"கத்தி பிடிக்கிற கை மரத்த கை. கைக்குப் பொறுக்கிற சூடு கன்னத்துக்குப் பொறுக்காது. உங்கப்பாவுக்கு வலது பக்கம் உணர்ச்சி இருக்கா?"

"கம்மின்னு சொன்னாங்க."

"அப்ப ரொம்ப கவனம். சுட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. வெந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். முதல்ல உங்க கன்னம். அப்புறம் அவரு இடது கன்னம். மூஞ்சியச் சுளிக்காரான்னு பாருங்க. அப்புறம்தான் வலது."

இதை அவர் சொன்னவுடன் எனக்கு வயிறு கலங்கியது. நான் வீட்டில் துண்டைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து அப்படியே பிழிகிறவன். 60 டிகிரித் தண்ணீர் தோலைப் பொசுக்கச் சில நொடிகள் போதும். வயதானவர்கள் தோல் இன்னும் மெல்லிசு. ஒருவேளை அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் 'ரொட்டீன்'படி எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன் என்றால்?

அரை மணி நேரம் பாடம் நடந்தது. டர்க்கி டவல் வேண்டாம், அது சூட்டை ரொம்ப நேரம் பிடித்து வைக்கும். ஈரிழைத் துண்டு போதும், ஆறினால் மறுபடி நனைக்கலாம், மூன்று தடவை. படுக்கப்போட்டுச் செய்யக் கூடாது, எச்சில் தொண்டைக்குள் போகும், நிமிர்த்தி உட்கார வைக்கணும். தளர்ந்த கன்னத்தைக் காதுப் பக்கமாக மேலே இழுத்துப் பிடிக்கணும், பிடித்த விரல் வழுக்காமல் இருக்கப் படிகாரத்தைத் தொட்டுக்கொள்ளணும். முடி வளர்ந்த வாக்கில் மட்டும். எதிர் இழுப்பு கிடையாது. "வழுவழுன்னு வரணும்னு ஆசைப்படாதீய. சுத்தமா இருந்தாப் போதும்."

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் சேரிக்காரர்களுக்குக் கத்தி எடுக்கக் கூடாது என்று எங்கள் தெருக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவருடைய அப்பாவும் எடுக்கவில்லை. "உங்க ஆளுங்களுக்குப் பயந்துதான். ஆனா பயந்தவன் பாவமும் பாவம்தான? இந்தக் கடை திறந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஒரே கொப்பரை, ஒரே நாற்காலி. இஷ்டமிருந்தா உக்காரு." அவர் பெருமையாகச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் படிந்திருந்த முடியைத் தட்டிக்கொண்டே சொன்னார். சாதி பார்த்து முடிவெட்ட மறுக்கும் கடைகளைப் பற்றி இன்றைக்கும் செய்தி வருகிற நாட்டில், அந்தக் கொப்பரையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபது ரூபாய் என்றார். நூறு கொடுத்தேன். மீதி முப்பதை எண்ணிக் கையில் வைத்தார்.

*

வீட்டில் முதல் சண்டை கொப்பரைக்கு. "இட்லி அவிக்கிறதுல மூஞ்சித் துண்டா?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். சரியென்று ஒரு அகலமான பாத்திரத்தில் வெந்நி போட்டேன். எங்கள் பக்கம் வெந்நீரை வெந்நி என்போம்.

புதனும் ஞாயிறும். திட்டமிட்டு அந்தக் கிழமைகளை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள்தான் பழைய கிழமைகள் என்று உறைத்தது.

துண்டை முக்கி, பிழிந்து, உதறி, என் கன்னத்தில் வைப்பேன். பத்து எண்ணுவேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவருடைய இடது கன்னத்தில் ஒற்றுவேன். முதல் நாள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மீண்டும் என் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். மீண்டும் அவருக்கு. இரண்டாவது தடவை இழுத்துக்கொள்ளவில்லை. துண்டை மெல்ல வலதுபக்கமாகக் கொண்டுபோய், வாயோரம் காய்ந்திருந்த கஞ்சியை ஊறவிட்டு, தாடை முழுக்கச் சுற்றிவைத்தேன். அவர் கண்ணை மூடினார்.

மூன்று நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கையைத் துண்டின்மேல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். துணிக்கு அந்தப்பக்கம் தாடை எலும்பு, கழுத்து நரம்பின் துடிப்பு. நான் என் அப்பாவின் முகத்தை எப்போது தொட்டிருக்கிறேன்? கைக்குழந்தையாக இருக்கும்போது தொட்டிருப்பேன். நினைவு தெரிந்து இல்லை. அவருக்கு இப்போது எழுபத்தொன்று, எனக்கு முப்பத்தெட்டு. இடையில் இத்தனை வருஷமும் அந்த முகத்தைத் தொட்டு, எங்கே மச்சம், எங்கே சுழி, எங்கே தழும்பு என்று தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள், தொழுவம் வழியாக வந்துபோனவர். அவர் தொட்டதைத்தான் அப்பா ஒவ்வொரு தடவையும் கிணற்றடியில் கழுவினார்.

இடது தாடைக்குக் கீழே ஒரு சுழி உண்டு, அங்கே முடி மேல்நோக்கி வளரும் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பியிருந்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது. தேடினேன். அங்கேயே இருந்தது.

பிளேடு இந்தத் தடவை தடுக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும், மேலுதட்டில், சின்னப் பொட்டு ரத்தம். படிகாரத்தை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். நின்றுவிட்டது. நிறைய இடத்தில் சொரசொரப்பு மிச்சம் இருந்தது. விட்டுவிட்டேன்.

நாலைந்து வாரத்தில் ஒரு மாற்றம் வந்தது. நான் துண்டை என் கன்னத்தில் வைத்து எண்ணும்போது அப்பா தன் இடது கன்னத்தை எனக்குத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தார். "ஏல" என்பார். அந்த ஏலவில் அதட்டல் இல்லை என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன். "போல, எல்லா ஏலவும் ஒண்ணுதான்" என்றாள். இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அதே சொல்லால் மகனைக் கொஞ்சுவார்கள், நண்பனைக் கட்டிப்பிடிப்பார்கள், ஒரு பெரிய மனுஷனைத் தொழுவத்தில் நிறுத்தியும் வைப்பார்கள். அப்பாவுக்கு மிஞ்சிய சொல் எந்த ஏல என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. என் வசதிக்கு அதை நல்ல ஏலவாக ஆக்கிக்கொள்ளவும் விருப்பமில்லை.

*

தைப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு ஆட்டோ பேசி அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அவரைக் கேட்டுத்தான் செய்தேனா என்றால், கேட்டேன், "ஏல" என்றார். அதற்கு மேல் சம்மதம் வாங்க வழியில்லை. வழியெல்லாம் எனக்குப் பயம்தான். கடை வாசலில் அவர் கத்திவிட்டால்? இடது கையால் தட்டிவிட்டால்?

ஆட்டோக்காரரும் நானும் தூக்கி உட்காரவைத்தோம். முன்னால் ஒருவர் இருந்ததால் பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். அண்ணாச்சி அவசரப்படவில்லை. வரிசைப்படிதான்.

எங்கள் முறை வந்ததும் அவர் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கொப்பரையைத் திறந்து துண்டை எடுத்தார், உதறினார், விசிறினார், தன் கன்னத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்பா தன் இடது கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏல" என்றார்.

அண்ணாச்சியின் கை ஒரு நொடி நின்றது. "சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். துண்டு அப்பாவின் கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. சவரம் முடிய இருபது நிமிஷம் ஆனது. என்னால் விடப்பட்ட சொரசொரப்பெல்லாம் போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தமில்லை. போர்டில் போட்டிருந்த எழுபது ரூபாயை வாங்கிக்கொண்டார். "வருஷத்துக்கு ஒருக்க நெல்லு வாங்கினது போதும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா முன்னாலேயே.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கம் மாறாமல் பெரிய பாத்திரத்தில் வெந்நி போட்டுவைத்திருந்தாள். "கிணத்தடியில நாற்காலி போட்டிருக்கேன், அப்படியே அங்க..." என்று ஆரம்பித்தவள், ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒரு கால் ஆட்டோவில் வைத்து ஏறி, கையை நீட்டி, அவருடைய வலது கன்னத்தைத் தொட்டாள். உணர்ச்சி இல்லாத கன்னம். பிறகு புறங்கையால் இடது கன்னத்தை.

"வழுவழுன்னு இருக்கு" என்றாள், என்னிடம் இல்லை.

அன்றைக்கும் அப்பாவைக் குளிப்பாட்டினோம். ஆனால் முதலில் உள்ளே கூட்டிப்போய், காப்பி கொடுத்து, கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டு. வெந்நி அதற்குள் ஆறிவிட்டது. மறுபடி சுடவைத்தேன். ஊற்றுவதற்கு முன் ஒரு துண்டை அதில் முக்கி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.